ஸ்பார்க் இருந்தும் ஸ்டார்ட் ஆகாத புல்லட்: குளச்சல் வண்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வண்டி 1994 மாடல் புல்லட் 350. வார்ப்பிரும்பு இன்ஜின், 346 சி.சி., 12 வோல்ட் வயரிங், பாயின்ட் செட் இக்னிஷன் (இன்ஜின் சுற்றும்போது மூடித் திறந்து ஸ்பார்க் உண்டாக்கும் சின்ன சுவிட்ச்தான் பாயின்ட்). கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில் அலைச்சத்தம் கேட்கிற தூரத்தில் ஒரு ஓலை ஷெட்டில் நிற்பது. தக்கலையில் இருக்கும் என் ஒர்க்‌ஷாப்புக்குக் குட்டி யானையில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அதற்குள் அதில் புது பிளக், புது காயில் (ஸ்பார்க்குக்கு வோல்ட்டை ஏற்றிக் கொடுப்பது), புது கன்டென்சர் (பாயின்ட்டில் பொறி பறக்காமல் காப்பது), புது பாயின்ட் செட், புது பேட்டரி எல்லாம் போட்டாகிவிட்டது. பிளக்கைக் கழற்றி சிலிண்டர் மேல் சாய்த்து வைத்து உதைத்தால் ஸ்பார்க் கண்ணுக்குத் தெரிகிறது. பெட்ரோல் இறங்குகிறது. கிக்கரில் கால் வைத்தால் கம்ப்ரஷன் எதிர்த்து நிற்கிறது. வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆகாது.

இந்த நிலைக்கு வந்த வண்டியை "இன்ஜின் போயிருச்சு" என்று சொல்லி அரை விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். இரணியல், கருங்கல், மார்த்தாண்டம் பக்கம் நல்ல இன்ஜினோடு இப்படிக் கைமாறிப் போன வண்டிகளைப் பார்த்து மனசு கஷ்டப்பட்டிருக்கிறேன். அதனால்தான் இந்த ஒரு வண்டியை, எந்த வரிசையில் பார்த்தோம், மீட்டர் என்ன காட்டியது என்பதோடு சேர்த்து முழுசாக எழுதுகிறேன். புல்லட்டுக்கு மட்டும் இல்லை, பேட்டரியை நம்பி ஸ்பார்க் கொடுக்கும் எந்தப் பழைய வண்டிக்கும் இது பொருந்தும். பழைய ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டிகள் வேறு வகை. அவற்றில் ஸ்பார்க்குக்கு வேண்டிய கரண்ட் மேக்னெட்டில் இருக்கும் காயிலிலிருந்தே வரும். பேட்டரி செத்துக் கிடந்தாலும் உதைத்தால் வந்துவிடும்.

கேட்டுத் தெரிந்துகொண்டது

வண்டிக்காரர் போட் இன்ஜின் வேலை பார்த்து ஓய்ந்தவர். மெஷினைப் பற்றிப் பேசத் தெரிந்தவர், அது பெரிய உதவி. "மக்களே, மாத்த வேண்டியது எல்லாம் மாத்தியாச்சு. ஸ்டார்ட் ஆவ மாட்டேங்கு" என்று ஆரம்பித்தார். என்னென்ன மாற்றினார்கள் என்பதைவிட, எப்போதிலிருந்து இப்படி, எப்படி எப்படி மோசமானது என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஜூன், ஜூலை இரண்டு மாதமும் நம் மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். அப்போது அவர் மகள் வீட்டில் போய் இருந்துவிட்டார். வண்டி ஷெட்டிலேயே நின்றது. தென்மேற்குப் பருவமழையும் அதே காலம்தான். அலை பொங்கி, காற்று கடலிலிருந்து நேராக வீட்டுக்குள் வீசும். திரும்பி வந்து உதைத்தபோது ஸ்டார்ட் ஆனது, ஆனால் கால் வலிக்க உதைத்த பிறகு. அப்புறம் கிக்கரில் வராமல் போய், சரிவில் தள்ளிக் கியர் போட்டு விட்டால்தான் வந்தது. ஓடத் தொடங்கிவிட்டால் வேகத்தில் ஒரு குறையும் இல்லை. பேட்டரி மாற்றியதும் கொஞ்ச நாள் நன்றாக இருந்தது, மறுபடி பழையபடி ஆனது. காயில் மாற்றியபோதும் அப்படித்தான். கடைசியில் தள்ளியும் வரவில்லை.

பிறகு பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார்.

"திங்கள்சந்தை ஜங்ஷன்ல பிரேக் பிடிச்சா ஆஃப் ஆயிரும். ஐடில் கூட்டி வச்சும் பாத்தாச்சு."

"கைப் பிரேக்கா மாமா, கால் பிரேக்கா?"

கொஞ்சம் யோசித்தார். "கால் பிரேக்குதான். கைப் பிரேக் மட்டும் பிடிச்சா ஆஃப் ஆவாது."

இந்தப் பதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது. இந்த வண்டியில் பிரேக் லைட் சுவிட்ச் கால் பிரேக்கில் மட்டும்தான் இருக்கிறது. பெடலில் கால் வைத்தால் பின்னால் 21 வாட் பல்பு எரியும். 12 வோல்ட்டில் அது கேட்பது ஒன்றே முக்கால் ஆம்பியர். அந்தச் சின்ன பல்பு எரிந்ததும் இன்ஜின் அணைகிறது என்றால், பல்புக்கும் இக்னிஷனுக்கும் பொதுவான பாதையில் எங்கேயோ தடை இருக்கிறது. வேகத்தில் ஓடும்போது ஆல்டர்னேட்டர் கை கொடுத்துவிடும். ஜங்ஷனில் வேகம் குறைந்து ஐடிலுக்கு வரும்போது பாரம் முழுக்க பேட்டரி மேல் விழும். தள்ளினால் வந்தது, உதைத்தால் வரவில்லை என்பதும் இதோடு ஒத்துப்போகிறது.

ஆனாலும் சந்தேகம் வந்துவிட்டது என்பதற்காக நேராக வயரிங்கில் இறங்கவில்லை. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் ஒரே ஒரு கோளாறுதான் இருக்கும் என்று நம்ப முடியாது. கம்ப்ரஷனையும் பெட்ரோலையும் பார்த்து ஒதுக்கிவிட்டுத்தான் வர வேண்டும்.

கம்ப்ரஷன், பெட்ரோல்

கம்ப்ரஷனில் அதிக நேரம் போகவில்லை. கிக்கரை மெதுவாக அழுத்தினால் பிஸ்டன் மேலே வரும்போது காலைத் தாங்கி நின்றது. உடனே நழுவிக் கீழே போகவில்லை. வார்ப்பிரும்பு புல்லட்டில் இங்கே கூடுதலாக ஒன்று பார்க்க வேண்டும்: டிகம்ப்ரஷர் வால்வு (உதைக்க எளிதாக இருக்க சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் சின்ன வால்வு). அதன் சீட்டில் கரி ஒட்டிக்கொண்டால் முழுசாக மூடாது, கம்ப்ரஷன் அந்த வழியாகக் கசியும். இதில் கசிவு இல்லை. வால்வுகளைத் தள்ளித் திறக்கும் புஷ்ராட் இரண்டும், இன்ஜின் ஆறியிருக்கும்போது, விரலால் சுழற்றச் சுழன்றன. மேலும் கீழும் ஆட்டம் இல்லை. இந்த வண்டிக்கு அதுதான் அளவு. இன்ஜின் ஆரோக்கியமாக இருக்கிறது என்று பெரியவரிடம் அப்போதே சொன்னேன். அவர் முகம் தெளிந்தது.

பெட்ரோலில் கோளாறு இருந்தது. கார்பரேட்டர் கப்பைக் கழற்றி, உள்ளே இருந்ததை ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வைத்தேன். சற்று நேரத்தில் இரண்டு அடுக்காகப் பிரிந்து நின்றது. மேலே பெட்ரோல், அடியில் கலங்கலாக இன்னொன்று. பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஒரு அளவு வரை தண்ணீர், எத்தனால், பெட்ரோல் மூன்றும் ஒன்றாகக் கலந்து நிற்கும். அளவு மீறினால் எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். நம் நாட்டில் பெட்ரோலில் எத்தனால் கலக்கும் திட்டம் 2003-ல்தான் தொடங்கியது. 2025-ல் கலப்பு 20 சதவீதத்தை எட்டிவிட்டது. 1994-ல் செய்த வண்டியின் ரப்பர் பாகங்களும் டேங்கும் இதை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை இல்லை. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. பாதி டேங்க் பெட்ரோலோடு மாதக்கணக்கில் நிறுத்தினால் இதுதான் நடக்கும்.

கப்பைத் துடைத்து, டேங்கைக் காலி செய்து, புது பெட்ரோல் ஊற்றினோம். பிறகு பிளக் ஓட்டை வழியாகச் சில துளி பெட்ரோல் விட்டு, பிளக்கை மாட்டி உதைத்தேன். கார்பரேட்டர் எப்படி இருந்தாலும் சரி, ஸ்பார்க் ஒழுங்காக இருந்தால் இந்தச் சோதனையில் இன்ஜின் சில விநாடியாவது உறுமிவிட்டு நிற்க வேண்டும். இது ஒரு முறைகூட வெடிக்கவில்லை. கழற்றிப் பார்த்தால் பிளக் ஈரமாக இருந்தது.

பெட்ரோல் இருக்கிறது, கம்ப்ரஷன் இருக்கிறது, பற்றவில்லை. அப்படியென்றால் கண்ணால் பார்த்த அந்த ஸ்பார்க்கைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

வெளியே எரியும், உள்ளே எரியாது

பிளக்கை வெளியே வைத்து ஸ்பார்க் பார்ப்பதை எல்லோரும் செய்கிறோம். ஸ்பார்க் சுத்தமாக இல்லை என்றால் அது இல்லை என்று சொல்ல அந்தச் சோதனை போதும். இருக்கிற ஸ்பார்க் போதுமா என்று சொல்ல அது போதாது. காற்று எவ்வளவு அழுத்தமாக இருக்கிறதோ, அந்த அளவுக்கு அதைத் தாண்டிக் குதிக்க அதிக வோல்ட் வேண்டும். பிளக்கின் கேப் (இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி) ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். வெளிக்காற்றில் அதைத் தாண்ட இரண்டாயிரம் வோல்ட் பக்கம் போதும். அதே பிளக் சிலிண்டருக்குள் போய், பிஸ்டன் மேலே ஏறிக் காற்றை நெரிக்கும்போது, தேவைப்படும் வோல்ட் பல மடங்கு ஏறிவிடும். பலவீனமான காயில் வெளியே வேலை செய்து காட்டிவிட்டு உள்ளே கைவிட்டுவிடும்.

அதனால் கேப்பைக் கூட்டித்தான் சோதிக்க வேண்டும். எர்த் முனையை வெட்டி எடுத்த ஒரு பழைய பிளக் இதற்காகவே வைத்திருக்கிறேன். அதில் ஸ்பார்க் 6 மில்லிமீட்டர் பக்கம் குதித்தாக வேண்டும். (பெட்ரோல் சிந்திய இடத்தில் இதைச் செய்யவே கூடாது. துணி, பாட்டில் எல்லாவற்றையும் தள்ளி வைத்து, பிளக் ஓட்டைக்கு எதிர்ப்பக்கம் பிடிக்க வேண்டும்.) குளச்சல் வண்டியில் அந்த இடைவெளியில் ஒன்றும் வரவில்லை, இடையில் எப்போதாவது சிவப்பாக ஒரு இழை ஓடியது. பக்கத்தில் சர்வீஸுக்கு வந்து நின்ற இன்னொரு பழைய புல்லட்டில் அதே பிளக்கை மாட்டினேன். ஒவ்வொரு முறையும் 'டிக்' என்ற சத்தத்தோடு நீலமும் வெள்ளையுமாகக் குதித்தது.

காயில் புதுசு, கன்டென்சர் புதுசு. இருந்தும் ஸ்பார்க்கில் பலம் இல்லை. காயிலுக்குள் போகும் கரண்டைத்தான் இனி பார்க்க வேண்டும்.

ஆம்பியர் மீட்டர் முள்

பழைய புல்லட்டின் ஹெட்லைட் கவரில் ஒரு சின்ன ஆம்பியர் மீட்டர் இருக்கும். பேட்டரி சார்ஜ் ஆகிறதா என்று பார்க்கத்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்டார்ட் ஆகாத வண்டியில் ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றாமல் இக்னிஷனைப் படித்துக் காட்டுவது அதுதான். சாவி போட்டு, டிகம்ப்ரஷரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெதுவாக இறக்குங்கள். பாயின்ட் மூடியிருக்கும்போது காயிலுக்குள் கரண்ட் ஓடும், முள் இடது பக்கம், டிஸ்சார்ஜுக்குச் சாயும். பாயின்ட் திறந்ததும் கரண்ட் நின்று நடுவுக்குத் திரும்பும். ஸ்பார்க் பிறப்பது அந்தத் திறக்கிற நொடியில். பழகியவர்கள் முள் நடுவுக்கு வந்த இடத்தில் நிறுத்தி, டிகம்ப்ரஷரை விட்டு, முழு உதை கொடுப்பதும் இதனால்தான்.

முள் அசையவே இல்லை என்றால் கரண்ட் போகவில்லை: ஃபியூஸ், சாவி, அல்லது பாயின்ட் முகத்தில் அழுக்கு. சாய்ந்தது சாய்ந்தபடியே நின்றால் பாயின்ட் திறக்கவில்லை, அல்லது திறந்தும் பயனில்லாமல் எங்கோ எர்த் ஆகிறது. புது பாயின்ட் மாட்டும்போது கரண்ட் கடத்தாத ஃபைபர் வாஷரை இடம் மாற்றிப் போட்டால் இப்படி ஆகும். இதைப் பல வண்டியில் பார்த்திருக்கிறேன். மூன்றாவது ஒன்று இருக்கிறது. முள் ஒழுங்காகத்தான் ஆடும், ஆனால் குறைவாகச் சாயும். தனியாகப் பார்த்தால் கண் அதைப் பிடிக்காது. இங்கே பிடித்ததற்குக் காரணம் பக்கத்தில் இன்னொரு புல்லட் நின்றது. இரண்டையும் ஒட்டி நிறுத்திச் சாவி போட்டு, பாயின்ட் மூடும் இடத்தில் நிறுத்தினோம். அந்த வண்டியின் முள் நன்றாகச் சரிந்து நின்றது. குளச்சல் வண்டியின் முள் அதில் முக்கால் பங்குகூடப் போகவில்லை. பெரியவரும் குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "லே, கரண்டு கொறச்சலாட்டுல்லா போவுது" என்றார். அவ்வளவுதான் விஷயம்.

நாலு வோல்ட் எங்கே போனது

இனி மல்டிமீட்டர். நான் பார்த்தது ஓம் இல்லை, வோல்ட். இதற்கு முன் இந்த வண்டியின் எர்த்தை (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பாதை) யாரோ மீட்டரின் பஸ்ஸர் வைத்துப் பார்த்து, சத்தம் வருகிறது, வயர் சரி என்று விட்டிருக்கிறார்கள். பஸ்ஸருக்கு மீட்டர் அனுப்பும் கரண்ட் மிகவும் கொஞ்சம். ஒரு ஓம் இருந்தாலும் கத்தும், பத்து ஓம் இருந்தாலும் கத்தும். மூன்று, நான்கு ஆம்பியர் ஓடும் பாதையில் ஒரு ஓம் என்பது பெரிய திருட்டு. அதைப் பிடிக்க ஒரே வழி, கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு துண்டின் இரு முனையிலும் மீட்டரை வைத்து, எவ்வளவு வோல்ட் அங்கே தங்கிவிடுகிறது என்று பார்ப்பது.

பாயின்ட் மூடிய நிலையில் நிறுத்திச் சாவி போட்டேன். (வேலை முடிந்ததும் உடனே சாவியை எடுத்துவிட வேண்டும். இந்த நிலையில் விட்டால் காயில் சூடாகிக் கெட்டுப்போகும்.) பேட்டரி முனைகளில் 12.4 வோல்ட். காயிலின் இரண்டு சின்ன முனைகளுக்கு இடையே 8.3 வோல்ட். நாலு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விட்டது.

பேட்டரி பாசிட்டிவிலிருந்து காயில் வரை ஒரு முனை இங்கே ஒரு முனை அங்கே வைத்தால் 1.1 வோல்ட். சாவி சுவிட்சிலும் வயர்களை இணைக்கும் கப்ளரிலும் போவது அது. பாயின்ட்டின் இரு பக்கமும் 0.4. பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் சிலிண்டர் ஃபின்னுக்கும் இடையே 2.6 வோல்ட். எர்த் பாதையில் கால் வோல்ட்கூட இருக்கக் கூடாது. மீட்டரை அங்கேயே வைத்துக்கொண்டு, "மாமா, கால் பிரேக்கை அமத்துங்க" என்றேன். 2.6 என்று நின்றது 3.4-க்கு ஏறியது. காலை எடுத்ததும் இறங்கியது. ஜங்ஷனில் வண்டி அணைந்ததன் காரணம் மீட்டரில் எண்ணாகவே தெரிந்தது.

கணக்கும் சரியாக வருகிறது. காயிலின் முதன்மைச் சுற்று 3.2 ஓம். தடை எதுவும் இல்லை என்றால் 3.9 ஆம்பியர் பக்கம் ஓட வேண்டும். 8.3 வோல்ட்தான் கிடைக்கிறது என்பதால் 2.6 ஆம்பியர் ஓடுகிறது. முள் குறைவாகச் சாய்ந்தது இந்தக் குறைவால்தான். காயிலில் சேரும் ஆற்றல் கரண்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் கரண்ட் மூன்றில் இரண்டு பங்கானால் ஆற்றல் பாதிக்கும் கீழே, ஏறத்தாழ 44 சதவீதத்துக்குப் போய்விடும். பிளக்கை வெளியே வைத்தால் எரியவும், உள்ளே போனால் எரியாமல் இருக்கவும் அது போதும்.

புது பேட்டரி போட்டதும் கொஞ்ச நாள் ஓடியதும் இதில் அடங்குகிறது. வோல்ட் சற்றுக் கூடினால் ஸ்பார்க் உள்ளேயும் எரியத் தேவையான எல்லையைத் தாண்டிவிடும். பேட்டரி கொஞ்சம் இறங்கினால் மறுபடி அந்த எல்லைக்குக் கீழே. புது பாயின்ட்டும் புது காயிலும் ஆளுக்குக் கொஞ்சம் உதவின. மாற்றிய ஒவ்வொரு பாகமும் "இதுதான் கோளாறு" என்று ஒரு நம்பிக்கையைக் கொடுத்துவிட்டுப் போனது. பெரியவர் செலவு செய்துகொண்டே போனது அதனால்தான். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எர்த் வயர்

பேட்டரியிலிருந்து ஃபிரேமுக்குப் போகும் எர்த் வயர் பார்வைக்கு நல்லபடியாகவே இருந்தது. கறுப்பு உறை, போல்ட் இறுக்கமாக இருந்தது. லக்கை (வயர் நுனியில் போல்ட் மாட்டும் வளையம்) ஒட்டி விரல் வைத்தபோது மட்டும் உறை சற்று உப்பியிருப்பது தெரிந்தது. பிளேடால் நீளவாக்கில் கீறிப் பிரித்தேன். உள்ளே பச்சைத் தூள் கொட்டியது. செம்பு இழைகள் கறுத்து, தொட்டால் ஒடிந்தன. லக்குக்குள் உயிரோடு இருந்தது சில இழைகள்தான். இன்னும் கொஞ்ச தூரம் கீறிக்கொண்டே போனேன். கறுப்பு தொடர்ந்துகொண்டே இருந்தது. விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுவதுபோல, இழைகளுக்கு நடுவே உப்புத்தண்ணீர் உறைக்குள் ஏறியிருக்கிறது. நல்ல செம்பு வர, ஒரு சாண் நீளத்துக்கு மேல் வெட்ட வேண்டியிருந்தது.

போல்ட்டையும் கழற்றினோம். லக்குக்கு அடியில் ஃபிரேம் பெயின்ட். எப்போதோ வண்டிக்குப் பெயின்ட் அடித்தவர்கள் அந்த இடத்தைச் சுரண்டாமல், பெயின்ட் மேலேயே லக்கை வைத்து முறுக்கியிருக்கிறார்கள். கரண்ட் இத்தனை காலமும் போல்ட்டின் மரை வழியாகத்தான் போயிருக்கிறது. மரை துருப்பிடித்ததும் அந்த வழியும் அடைந்தது.

கடலோர வண்டிக்கு மட்டும் ஏன் இவ்வளவு என்று பெரியவர் கேட்டார். மழைத்தண்ணீர் பட்டால் காய்ந்துவிடும், உப்பு பட்டால் காயாது. சாதாரண உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே ஈரத்தை இழுத்துக் கரையும். குளச்சலில் இரவுக் காற்று அதைத் தாண்டுவது சாதாரணம். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் உண்டு, அது மூன்றில் ஒரு பங்கு ஈரப்பதத்திலேயே கரையத் தொடங்கிவிடும். மழையே படாத ஷெட்டில் நின்றாலும் அந்த உப்புப் படலம் ஏறக்குறைய எப்போதும் நனைந்தே இருக்கும். முட்டம், கடியப்பட்டணம், மணவாளக்குறிச்சி, தேங்காய்ப்பட்டணம் வண்டிகளிலும் இதையே பார்க்கிறேன். குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் தோட்டத்தில் நிற்கும் வண்டிக்கு நோய் வேறு: எலி கடித்த வயர், சைலன்சருக்குள் குளவி கட்டிய மண்கூடு, கப்பில் தண்ணீர்.

வேலை

எர்த் வயரை முழுசாகத் தூக்கிவிட்டோம். அதற்குப் பதிலாக, போட் வயரிங்குக்குப் பயன்படுத்தும் வெள்ளீயம் (டின்) பூசிய செம்பு வயர் போட்டேன். வெள்ளீயப் பூச்சு இருந்தால் உப்பு இழைகளை எளிதில் தின்னாது. லக்கை கிரிம்ப் செய்து, வாய்ப்பகுதியை ஹீட் ஷ்ரிங்க் உறையால் அடைத்தேன். ஃபிரேமில் லக் உட்காரும் இடத்தைப் பளபளப்பாக வரும்வரை சுரண்டி, நட்சத்திர வாஷர் வைத்து முறுக்கி, முறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவினேன். இது போக, பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக இன்ஜின் போல்ட் ஒன்றுக்குத் தனியாக இன்னொரு வயர். கடலோர புல்லட் எதுவாக இருந்தாலும் இந்த இரண்டாவது எர்த்தை நான் கேட்காமலே போட்டுவிடுவேன். செலவு ஒரு பிளக் விலைகூட வராது.

சாவி சுவிட்சைக் கழற்றி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, உள்ளே கறுத்திருந்த பித்தளைத் தகடுகளைச் சுத்தம் செய்தோம். கப்ளரில் தளர்ந்திருந்த பின்களை நெருக்கி விட்டோம். பாயின்ட் முகத்தை நைஸ் எமரியால் லேசாக இழுத்து, பெட்ரோலில் நனைத்த கெட்டித்தாளை நடுவில் விட்டு இழுத்துத் துடைத்து, கேப்பை ஃபீலர் கேஜ் வைத்து 0.40 மில்லிமீட்டருக்கு வைத்தேன். இந்த வண்டிக்கு 0.35 முதல் 0.40 வரை. புது பாயின்ட்டின் ஹீல் தேயத் தேய கேப் குறையும், அதனால் மேல் எல்லையில் வைப்பது நல்லது. பின்னால் இருக்கும், வேகத்துக்கு ஏற்ப ஸ்பார்க் நேரத்தை முன்னே தள்ளும் ஆட்டோ அட்வான்ஸ் எடைகள் ஒட்டாமல் அசைந்தன.

மறுபடி மீட்டர். எர்த்தில் 0.05 வோல்ட். சாவி வழியில் 0.25. பாயின்ட்டில் 0.1. காயிலுக்கு 12.0 வோல்ட். முள் பக்கத்து வண்டியின் முள்ளுக்குச் சமமாகச் சாய்ந்தது. கேப் பெரிய பிளக்கில் 'டிக் டிக்' என்று நீலமாகக் குதித்தது.

உதைத்ததும் பிடித்தது. சோக்கைத் திறந்ததும் அணைந்தது. இதை எதிர்பார்த்துத்தான் இருந்தேன். ஸ்பார்க் கோளாறு இருக்கும்வரை இதற்கு அடியில் இருந்த பெட்ரோல் கோளாறு வெளியே தெரிய வழியில்லை. கார்பரேட்டரை முழுசாகக் கழற்றினோம். ஐடிலுக்குப் பெட்ரோல் கொடுக்கும் பைலட் ஜெட்டின் ஓட்டை வழியாக வெளிச்சம் தெரியவில்லை. வெள்ளையாக உப்பும் பழைய பெட்ரோல் பிசினும் சேர்ந்து அடைத்திருந்தது. ஜெட்டுக்குள் கம்பி விடாமல், கார்ப் கிளீனரில் ஊறவைத்துக் காற்று அடித்து எடுத்தோம். கம்பி விட்டால் அந்தச் சின்ன ஓட்டை பெரிதாகிவிடும், பிறகு ஐடில் எப்போதும் சரிவராது. விறைத்துப்போன பெட்ரோல் டியூபையும் பெட்ரோல் டேப் வாஷரையும் மாற்றினோம். அதன் பிறகு சோக்கை மூடியும் திறந்தும், சூட்டிலும், கால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டும் ஐடில் நின்றது. பெரியவர் பிரேக் பெடலில் கால் வைத்துக்கொண்டே ரொம்ப நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

பழைய பாகங்கள்

அவர் கழற்றிய பழைய காயிலையும் கன்டென்சரையும் தூக்கிப் போடாமல் ஒரு பனையோலைப் பெட்டியில் கொண்டுவந்திருந்தார். இப்படிக் கொண்டுவருகிறவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். இரண்டையும் ஒவ்வொன்றாக அதே வண்டியில் மாட்டிப் பார்த்தோம். பழைய காயிலில் இன்ஜின் நன்றாக ஓடியது. பழைய கன்டென்சரிலும் பாயின்ட்டில் அளவுக்கு மீறிய தீப்பொறி இல்லை, இன்ஜின் சூடான பிறகும் தடுமாற்றம் இல்லை. அவற்றை மாற்றியிருக்கவே வேண்டாம். காகிதத்தில் சுற்றி, "நல்லது" என்று எழுதிக் கொடுத்தேன். வண்டிப் பெட்டியில் உதிரியாக வைத்துக்கொள்ளலாம். பழைய பாயின்ட் செட் மட்டும் முகம் குழிந்துபோய்த் தீர்ந்திருந்தது.

வீட்டில் செய்ய வேண்டியதாக அவரிடம் சொன்னவை கொஞ்சம்தான். நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால், பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கப்பில் உள்ள பெட்ரோல் தீரும்வரை இன்ஜினை ஓடவிட்டு நிறுத்த வேண்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் ஷீட்டால் இறுகப் போர்த்தக் கூடாது, உள்ளே ஈரம் பூட்டிக்கொள்ளும். பழைய பருத்திச் சேலை போதும். வண்டியைக் கழுவினால் நல்ல தண்ணீரில் பேட்டரி அடியையும் எர்த் போல்ட்டையும் சேர்த்துக் கழுவிக் காயவிட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து அவர் ஆயில் மாற்ற வந்தபோது எர்த்தை மறுபடி அளந்தேன். 0.06 வோல்ட். சாவி வழியில் மட்டும் 0.25 இருந்தது 0.3 ஆகியிருந்தது, சுவிட்சை இன்னொரு முறை சுத்தம் செய்தோம். டேங்கின் அடியில் துரு இருக்கிறது, ஃபில்டரில் சிவப்பாக இறங்குகிறது. அதைக் கழற்றி உள்ளே சுத்தம் செய்யும் வேலையை அடுத்த தடைக்காலத்துக்கு வைத்திருக்கிறோம்.